வெடிப்பின் இடைவெளியும் மண்ணின் பிடிப்பும்

அன்புள்ள இளம் நண்பருக்கு,

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத் தலைநகரான ஸ்ப்ரிங்ஃபீல்டில், மாநிலப் பொருட்காட்சித் திடலுக்குள், ஒரு மைல் சுற்றளவுள்ள நீள்வட்ட மண்தடம் ஒன்று உள்ளது. நேர்ப்பாதையில் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டிச் செல்லும் மோட்டார் சைக்கிள்கள், வளைவு நெருங்கியதும் வேகம் குறைந்து, பின்சக்கரம் வெளிப்புறமாக நழுவ, முன்சக்கரம் வளைவுக்கு எதிர்த்திசையில் திரும்ப, இடது காலில் இரும்புத் தகடு கட்டிய வீரர் அக்காலைத் தரையில் தேய்த்தபடி இருக்க, ஏறக்குறைய பக்கவாட்டில் திரும்பிய நிலையிலேயே வளைவைக் கடக்கின்றன. பல பத்தாண்டுகளாக இப்பந்தய வண்டிகளுக்கு முன்பிரேக் கிடையாது. வண்டியைத் திருப்புவதிலும் வேகத்தைக் கட்டுப்படுத்துவதிலும் பெரும்பங்கு வகிப்பது ஆக்சிலரேட்டரைப் பிடித்திருக்கும் வலக்கைதான். மண்தடப் பந்தயம் எனப்படும் இந்த விளையாட்டில் வெற்றியைத் தீர்மானிப்பது எஞ்சினின் உச்சத் திறன் அன்று; அத்திறனில் எவ்வளவு பின்டயர் வழியாக மண்ணுக்குள் இறங்குகிறது என்பதே. அந்தப் பிடிப்புக்கும் எஞ்சினுக்குள் சிலிண்டர்கள் அடுத்தடுத்து வெடிக்கும் இடைவெளிக்கும் உள்ள உறவு அரை நூற்றாண்டாக மெக்கானிக்குகளும் பொறியாளர்களும் வாதிட்டுவரும் ஒரு பொருள். இக்கடிதம் அதைப் பற்றியது.

முதலில் அடிப்படை. ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் பிஸ்டன் மேலும் கீழுமாக நான்கு வீச்சுகளை முடிக்கும்போது உறிஞ்சல், அழுத்தம், வெடிப்பு, வெளியேற்றம் என்னும் நான்கு செயல்கள் முடிகின்றன. இதற்குள் பிஸ்டனோடு இணைந்த கிராங்க் தண்டு இரண்டு சுற்றுகள், அதாவது 720 பாகை, சுழன்றுவிடுகிறது. ஆகவே ஒரு சிலிண்டர் 720 பாகைக்கு ஒரு முறை மட்டுமே சக்கரத்தைத் தள்ளுகிறது. மீதி நேரமெல்லாம், குறிப்பாக காற்றும் எரிபொருளும் கலந்த கலவையை அழுத்தும் வேளையில், அது சக்கரத்துக்குச் சுமையாகவே இருக்கிறது. இரண்டு சிலிண்டர்கள் இருந்தால் அவை இரண்டும் எவ்வளவு இடைவெளியில் வெடிக்கும் என்பதைக் கிராங்க் தண்டின் அமைப்பும், சிலிண்டர்களுக்கு இடையேயுள்ள கோணமும், வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டின் அமைப்பும் சேர்ந்து முடிவு செய்கின்றன. எந்தச் சிலிண்டர் முதலில், எது அடுத்தது என்னும் வரிசையை ஃபயரிங் ஆர்டர் என்பார்கள். இரண்டே சிலிண்டர்கள் உள்ள வண்டியில் வரிசை என்று பேச அதிகம் இல்லை. அங்கே பொருள் உள்ளது வெடிப்புகளுக்கு இடையேயான இடைவெளிதான்.

அருகருகே நிற்கும் இரண்டு சிலிண்டர்களின் பிஸ்டன்கள் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கினால் அது 360 பாகை கிராங்க். அதில் 360 பாகைக்கு ஒரு வெடிப்பு என்று சீரான தாளம் கிடைக்கும். ஒன்று ஏற மற்றொன்று இறங்கினால் அது 180 பாகை கிராங்க். வெடிப்புகள் 180, 540 என்று மாறிமாறி வரும். இரண்டுக்கும் இடைப்பட்ட 270 பாகை கிராங்க்கில் இடைவெளிகள் 270, 450 ஆகும். சிலிண்டர்கள் ஆங்கில எழுத்தான வி போல விரிந்து நின்று, இரண்டு கனெக்டிங் ராடுகளும் ஒரே கிராங்க் முனையைப் பற்றியிருந்தால், விரிவுக் கோணத்தை ஒரு முறை 360-இலிருந்து கழித்து, ஒரு முறை 360-உடன் கூட்டினால் இடைவெளிகள் கிடைத்துவிடும். 45 பாகை விரிவுள்ள ஹார்லி டேவிட்சன் எக்ஸ்ஆர்-750 எஞ்சினில் அவை 315, 405. இந்தக் கடைசி எண்களை நினைவில் வைத்திருப்பது நல்லது. ஹார்லியின் சமனற்ற தாளமே அதன் பிடிப்புக்குக் காரணம் என்று பல காலம் சொல்லப்பட்டாலும், 315-ம் 405-ம் சீரான 360-இலிருந்து வெகுதொலைவில் இல்லை.

பாகைக் கணக்கைத் தரைக் கணக்காக மாற்றினால்தான் விஷயம் கண்ணுக்குத் தெரியும். வளைவின் நடுவே ஒரு வண்டி நொடிக்கு 40 மீட்டர், அதாவது மணிக்கு 144 கிலோமீட்டர், வேகத்தில் செல்வதாகவும் எஞ்சின் நிமிடத்துக்கு 6000 சுற்றுகள் சுழல்வதாகவும் கொள்ளலாம். கிராங்க் நொடிக்கு நூறு முறை சுழல்கிறது. ஆகவே ஒரு சுற்றுக்கு வண்டி 40 சென்டிமீட்டரும், 720 பாகைக்கு 80 சென்டிமீட்டரும் நகர்கிறது. ஒற்றைச் சிலிண்டர் வண்டியின் டயர் 80 சென்டிமீட்டருக்கு ஒரு தள்ளலைப் பெறுகிறது. வெடிப்பு வீச்சு நீடிப்பது 180 பாகை என்பதால், அந்தத் தள்ளல் 20 சென்டிமீட்டருக்குள் முடிந்து, மீதி 60 சென்டிமீட்டரை டயர் உந்துதல் ஏதுமின்றி உருண்டு கடக்கிறது. 360 பாகை இரட்டைச் சிலிண்டரில் 40 சென்டிமீட்டருக்கு ஒன்று. ஹார்லியில் 35, 45 என்று மாறிமாறி. 270 பாகை கிராங்க்கில் 30, 50. 180 பாகை கிராங்க்கில் 20, 60. சீராக வெடிக்கும் நான்கு சிலிண்டர் எஞ்சினில் 20 சென்டிமீட்டருக்கு ஒரு தள்ளல் வந்துகொண்டே இருப்பதால், ஒரு வெடிப்பு வீச்சு முடியும் இடத்திலேயே அடுத்தது தொடங்கிவிடுகிறது; டயருக்கு ஓய்வென்று எதுவும் இல்லை. டயர் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் பரப்பின் நீளமே ஏறத்தாழ 10 சென்டிமீட்டர்தான் என்பதையும் இத்துடன் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இந்த எண்களிலிருந்து பிறந்ததுதான் ஓய்வுக் கொள்கை. அதன்படி, டயரின் பிடிப்பு எல்லையற்றது அன்று. முன்னோக்கித் தள்ளுவதற்கும் பக்கவாட்டில் வண்டியைத் தாங்குவதற்கும் அதே பிடிப்பே பங்கிட்டுக் கொடுக்கப்படுகிறது. ஒவ்வொரு வெடிப்பின்போதும் டயர் கொஞ்சம் வழுக்கி, பக்கவாட்டுப் பிடிப்பில் ஒரு பகுதியை இழக்கிறது. அடுத்த வெடிப்புவரை கிடைக்கும் இடைவெளியில், புதிய ரப்பர்ப் பகுதி புதிய மண்ணில் பதிந்து, இழந்ததை மீட்டுக்கொள்கிறது. தள்ளல்கள் நெருக்கமாக வந்து, பின் நீண்ட இடைவெளி கிடைத்தால் மீட்சிக்கு அதிக நேரம் இருக்கும் என்பதே கொள்கையின் சாரம். இந்த எண்ணத்தை அதன் எல்லைவரை கொண்டுசென்ற மெக்கானிக்குகள், இரட்டைச் சிலிண்டர் எஞ்சினை ஒற்றைச் சிலிண்டர் போல நடந்துகொள்ள வைக்கும் ட்விங்கிள் என்னும் அமைப்பை முயன்று பார்த்தார்கள். 720 பாகைக்குள் ஒவ்வொரு பிஸ்டனும் இரண்டு முறை உச்சியைத் தொடுகிறது. அவற்றில் எது வெடிப்புக்குரியது என்பதைக் கேம் தண்டையும் மின்பொறி நேரத்தையும் மாற்றி நாமே தேர்ந்துகொள்ளலாம். ஒரு சிலிண்டருக்கு மட்டும் அதை மாற்றிவிட்டால், 45 பாகை வி-ட்வின் எஞ்சின் 315, 405 என்பதற்குப் பதிலாக 45, 675 என்ற இடைவெளிகளில் வெடிக்கும். மேற்சொன்ன கணக்கில், இரண்டு தள்ளல்களும் வெறும் 5 சென்டிமீட்டர் தூரத்துக்குள், அதாவது டயரின் ஒரே பதிவுப் பரப்புக்குள் தொடங்கிவிட, அடுத்த தொடக்கத்துக்கு 75 சென்டிமீட்டர் இருக்கும்.

கொள்கை கவர்ச்சியானது, ஆனால் அதன்மீது எழுப்பப்படும் எதிர்வாதம் வலுவானது, அதை மழுப்பிவிட்டுச் செல்லக் கூடாது. வண்டி ஒரே முடுக்கத்தைப் பெற வேண்டுமானால் சராசரித் தள்ளல் விசை ஒன்றாகவே இருந்தாக வேண்டும். அந்தச் சராசரியைக் குறைந்த நேரத்துக்குள் அடைத்துக் கொடுத்தால் ஒவ்வொரு தள்ளலின் உச்சமும் உயரும். உச்சம் உயர்ந்தால் பிடிப்பின் எல்லை இன்னும் விரைவாக உடையும். பிடிப்புக்கு ஒரு மாறாத உச்சவரம்பு இருக்குமானால், அந்த வரம்பை ஒட்டியே சீராகத் தள்ளிக்கொண்டிருக்கும் எஞ்சின்தான் அதிகச் சராசரியைத் தர முடியும். விட்டுவிட்டுத் தள்ளும் எஞ்சினால் முடியாது. கணக்கு இப்படிச் சொல்ல, தடத்தில் ஓட்டியவர்கள் பலர் வேறு அனுபவத்தைச் சொல்கிறார்கள் என்றால், ஒன்று அனுபவம் பொய்யாக இருக்க வேண்டும் அல்லது கணக்கில் ஏதோ விடுபட்டிருக்க வேண்டும். விடுபட்டவை மூன்று என்று சொல்லலாம். அவற்றில் மூன்றாவதே முதன்மையானது.

விடுபட்ட முதலாவது, மண். தார்ச்சாலையின் பிடிப்பைப் போல மண்ணின் பிடிப்பு ஒரே எண்ணில் அடங்குவது இல்லை. மேலே தளர்ந்த மண் மெத்தை போலக் கிடக்கும் தடத்தைக் குஷன் என்கிறார்கள். ஒஹாயோ மாநிலத்தின் லைமா அரைமைல் தடத்தில் மேற்பரப்பு சிறுசரளைக் கற்களால் ஆனது. அங்கே டயரின் கட்டைகள் தளர்ந்த பகுதியைத் தள்ளி ஒதுக்கிக்கொண்டு உள்ளே இறங்கினால்தான் உறுதியான பகுதியைத் தொட முடியும். சற்று வழுக்காமல் அங்கே பிடிப்பே உண்டாவதில்லை. களிமண் நன்றாக இறுகி, டயர்களின் ரப்பர் படிந்து கருத்த கோடாக மாறிய தடத்தை க்ரூவ் என்கிறார்கள். அது ஏறக்குறைய தார்ச்சாலை போலவே நடந்துகொள்வதோடு, கோட்டுக்கு வெளியே இரண்டடி தள்ளினால் வண்டிக்குப் பிடிப்பே இல்லை என்ற நிலையையும் உண்டாக்குகிறது. குஷன் தடத்தில் கூர்மையான தள்ளல் மண்ணைத் தோண்டிப் பயன் தரக்கூடும்; க்ரூவ் தடத்தில் அதே தள்ளல் டயரைச் சுழலவைத்து ரப்பரை எரிக்கக்கூடும். ஒரே எஞ்சினைப் பற்றி ஒருவர் புகழ்வதற்கும் இன்னொருவர் இகழ்வதற்கும் இடையே இருப்பது பல வேளைகளில் இந்தத் தட வேறுபாடுதான்.

இரண்டாவது, எஞ்சினுக்கும் டயருக்கும் நடுவே இருப்பவை. வெடிப்பின் தள்ளல் அப்படியே டயரைப் போய்ச் சேர்வதில்லை. கிராங்க்கின் ஃப்ளைவீல், கிளட்ச், செயின், டயரின் பக்கச்சுவர் ஆகிய ஒவ்வொன்றும் அதில் கொஞ்சத்தை விழுங்கிச் சீராக்கிவிடுகின்றன. எஞ்சின் வேகமாகச் சுழலச் சுழலத் தள்ளல்கள் நெருக்கமாகி இந்த வடிகட்டல் வலுப்பெறுகிறது; மெதுவாகச் சுழலும்போது ஒவ்வொரு தள்ளலும் தனித்தனியே தரையைத் தொடுகிறது. ஆகவே வெடிப்பு இடைவெளியின் நேரடி விளைவை நேர்ப்பாதையின் உச்ச வேகத்தில் தேடுவதில் பயனில்லை. வளைவிலிருந்து வெளியேறும் கட்டத்தில், எஞ்சின் தன் வேக வரம்பின் கீழ்ப்பகுதியில் இருக்கும் நேரத்தில் தேட வேண்டும். பந்தயத்தை வெல்வதும் தோற்பதும் பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான் என்பதால், விளைவு சிறிதாயினும் அது விழும் இடம் பெரிது.

மூன்றாவதை விளக்கியவர் யமஹா நிறுவனத்தின் பொறியாளர் மசாவோ ஃபுருசாவா. அவர் மேற்கொண்ட ஆய்வு தார்ச்சாலைப் பந்தயத்துக்கானது. 2004-இல் வாலன்டினோ ரோஸி ஓட்டி உலகப் பட்டம் வென்ற எம்1 வண்டிக்காகச் செய்யப்பட்டது. ஆனால் அது சொல்லும் இயற்பியல் மண்ணுக்கும் பொருந்தும். பிஸ்டன் ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் ஒரு கணம் நின்று, மீண்டும் வேகம் பெற்று, மீண்டும் நிற்கிறது. அது வேகம் பெறும்போது கிராங்க்கிடமிருந்து ஆற்றலை எடுத்துக்கொள்கிறது. வேகம் இழக்கும்போது திருப்பித் தருகிறது. இதனால் வெடிப்பே இல்லாவிட்டாலும் கிராங்க் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை தயங்கி இரண்டு முறை முந்துகிறது. வெடிப்பால் வரும் முறுக்கு விசையோடு, பிஸ்டன்களின் எடையால் வரும் இந்த நிலைம முறுக்கு விசையும் சேர்ந்தே பின்சக்கரத்தை அடைகிறது. வெடிப்பின் விசை ஆக்சிலரேட்டருக்குக் கட்டுப்பட்டது. நிலைம விசையோ வீரரின் கைக்குக் கட்டுப்படாதது. எஞ்சின் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப, அதாவது வேகம் இரு மடங்கானால் நான்கு மடங்காக, அது வளர்கிறது. ஆலை இரைச்சலுக்கு நடுவே பக்கத்தில் நிற்பவரின் பேச்சு காதில் விழாமல் போவதைப் போல, கை கேட்ட விசை இந்தக் கேட்காத விசைக்குள் அமுங்கிவிடுகிறது. டயர் பிடிப்பை இழக்கத் தொடங்கும் நுட்பமான செய்தி வீரரை வந்தடைவதில்லை.

பிஸ்டன்களை 90 பாகை தள்ளித் தள்ளி அமைத்தால், ஒன்று நிற்கும் கணத்தில் மற்றொன்று முழு வேகத்தில் இருக்கும். ஒன்று வாங்கும் ஆற்றலை மற்றொன்று கொடுத்துவிடும். நிலைம விசையின் பெரும்பகுதி எஞ்சினுக்குள்ளேயே கழிந்துவிடும். ஃபுருசாவாவின் எம்1 எஞ்சினும், 2009-இல் சாலைக்கு வந்த யமஹா ஆர்1 எஞ்சினும் இந்தக் கிராஸ்பிளேன் கிராங்க்கைக் கொண்டவை. அவற்றின் சமனற்ற வெடிப்பு இடைவெளிகள் நோக்கத்தால் வந்தவை என்பதைவிட, நிலைம விசையைத் துடைக்கும் முயற்சியின் உடன்விளைவு என்பதே பொருந்தும். பிஸ்டன்களின் நிலையும் வெடிப்பு இடைவெளியும் ஒரே கிராங்க்கால் முடிவாகின்றன என்பதால், ஒன்றின் புகழ் மற்றொன்றுக்குப் போய்ச் சேர்ந்துவிடுவது எளிது.

இந்தக் கண்ணோட்டத்தில் மண்தட எஞ்சின்களை மறுபடி பார்த்தால் படம் மாறுகிறது. 360 பாகை இரட்டைச் சிலிண்டரில் இரண்டு பிஸ்டன்களும் ஒன்றாக நின்று ஒன்றாக ஓடுவதால் நிலைம விசை முழுவதுமாக இரட்டிப்பாகிறது. 180 பாகையிலும் அப்படியே. ஒன்று மேலும் மற்றொன்று கீழுமாக நின்றாலும் இரண்டும் ஒரே கணத்தில்தான் நிற்கின்றன. 270 பாகை கிராங்க்கில் அது பெரும்பாலும் அழிந்துவிடுகிறது. ஹார்லியின் 45 பாகை அமைப்பில் பிஸ்டன்கள் 45 பாகை தள்ளி ஓடுவதால், அதன் முதன்மைப் பகுதி முழு இரட்டிப்பில் சுமார் 70 சதவீதமாகக் குறைகிறது. ஆகவே எக்ஸ்ஆர்-750 வளைவில் வீரரின் கைக்கு அடங்கி நடந்ததற்கு, 315-405 என்ற சிறிய தாள மாற்றத்தைவிட இந்தத் தணிவு சற்று வலுவான விளக்கமாகத் தோன்றுகிறது.

ஹார்லியைப் பற்றிய மற்றொரு விளக்கமும் உண்டு. அது எளியது, ஆனால் மெக்கானிக்குகள் அதிகம் நம்புவது: கனமான ஃப்ளைவீல். 1970-இல் வார்ப்பிரும்பு சிலிண்டர்களோடு வந்து, அளவுமீறிச் சூடாகி அவதிப்பட்ட எக்ஸ்ஆர்-750, 1972-இல் அலுமினிய வடிவம் பெற்றபின் மண்தடத்தை ஆளத் தொடங்கியது. ஜே ஸ்ப்ரிங்ஸ்டீன் 1976 முதல் 1978 வரை தொடர்ந்து மூன்று முறையும், ஸ்காட் பார்க்கர் மொத்தம் ஒன்பது முறையும் அமெரிக்க கிராண்ட் நேஷனல் பட்டத்தை வென்றது ஹார்லியின்மேல்தான். மேலே எடுத்துக்கொண்ட கணக்கில், சுமார் 2.15 மீட்டர் சுற்றளவுள்ள பின்டயர் நொடிக்கு 18.6 முறை சுழல, கிராங்க் நூறு முறை சுழல்கிறது. இரண்டுக்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ 5.4. பின்சக்கரத்தின் இடத்திலிருந்து பார்த்தால் கிராங்க்கின் சுழற்சி நிலைமம் இந்த விகிதத்தின் வர்க்கமாக, அதாவது சுமார் 29 மடங்காக, உணரப்படும். டயர் திடீரென்று பிடிப்பை இழக்கும்போது எஞ்சின் சட்டென்று வேகமெடுத்து ஓடிவிடாமல் கனமான ஃப்ளைவீல் இழுத்துப் பிடிக்கிறது; வழுக்கல் மெதுவாக வளர்கிறது; வீரருக்குக் கையைத் திருத்திக்கொள்ளச் சற்று நேரம் கிடைக்கிறது. அதனால்தான் ட்யூனர்கள் தடத்தின் தன்மைக்கேற்ப ஃப்ளைவீலின் எடையைக் கூட்டியும் குறைத்தும் பார்க்கிறார்கள். வெடிப்பு இடைவெளியை மாற்ற எஞ்சினைப் பிரித்துக் கேம் தண்டையோ கிராங்க்கையோ மாற்ற வேண்டும். எடையை மாற்றுவது அவ்வளவு பெரிய வேலை அன்று. பயனும் பெரும்பாலும் எடைப் பக்கமே அதிகம்.

ஹார்லியின் போட்டியாளர்களைப் பார்ப்பதும் பயனுள்ளது. கென்னி ராபர்ட்ஸ் 1973, 1974 ஆகிய ஆண்டுகளில் பட்டம் வென்றது யமஹாவின்மேல். அவர் மண்தடத்தில் ஓட்டிய யமஹாவின் அடிப்படை சீராக வெடிக்கும் 360 பாகை இரட்டைச் சிலிண்டர் எஞ்சின். ஆகவே சீரான தாளம் மண்ணில் வெல்லாது என்ற வாதம் அப்போதே தோற்றுவிட்டது. 1975-இல் இண்டியானாபொலிஸ் மைல் பந்தயத்தில், சாலைப் பந்தயத்துக்கென உருவான யமஹா டிஇசட்750 என்னும் நான்கு சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் எஞ்சினை மண்தட வண்டியின் சட்டகத்தில் பொருத்தி ராபர்ட்ஸ் ஓட்டினார். ஒவ்வொரு சுற்றிலும் எல்லாச் சிலிண்டர்களும் வெடிக்கும் டூ ஸ்ட்ரோக் எஞ்சின் அது. ஃபோர் ஸ்ட்ரோக்கின் பாதிச் சுழற்சியிலேயே ஒவ்வொரு சிலிண்டரும் மீண்டும் தள்ளும். அத்தகைய வண்டியின் சக்தி மண்ணில் இறங்க மறுத்துச் சக்கரத்தைச் சுழலவைத்துக்கொண்டே இருந்தபோதும், கடைசிக் கணத்தில் ஹார்லி வீரர்களை முந்தி அவர் வென்றார். அதன்பின் அத்தகைய வண்டிகள் அமெரிக்க மண்தடத்திலிருந்து விலக்கப்பட்டன. ஓர் அபாரமான வீரர் எஞ்சினின் குறையை ஒரு மாலைப்பொழுதுக்கு மறைத்துவிட முடியும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று இல்லை. ஒரு வெற்றியை மட்டும் வைத்து எஞ்சினை எடைபோடக் கூடாது என்பதற்கும் இதுவே சான்று. ஹோண்டா வேறு வழியில் சென்றது. ஹார்லி வண்டி ஒன்றை வாங்கிப் பிரித்து ஆராய்ந்த அந்நிறுவனம், அதைப் போலவே 45 பாகை வி-ட்வினாக ஆர்எஸ்750 எஞ்சினை உருவாக்கியது. ரிக்கி கிரஹாம் 1984-இலும், பப்பா ஷோபர்ட் 1985 முதல் 1987 வரையும் அதில் பட்டம் வென்றார்கள்.

நிலைம விசைக் கொள்கையை மட்டும் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் விளக்கிவிடலாம் என்று எண்ணுபவர்களுக்கு 2016-ஆம் ஆண்டு ஒரு தடையாக நிற்கிறது. அவ்வாண்டு பட்டம் வென்ற பிரையன் ஸ்மித் ஓட்டிய கவாசாகியின் எஞ்சின், சாலை வண்டியிலிருந்து பிறந்த 180 பாகை இரட்டைச் சிலிண்டர். நிலைம விசையை அது சிறிதும் தணிப்பதில்லை, ஆனால் 20, 60 சென்டிமீட்டர் இடைவெளிகளில் தள்ளுவதால் ஓய்வுக் கொள்கைக்கு நெருங்கிய உறவுடையது. அதற்கு அடுத்த ஆண்டிலிருந்து மண்தடத்தை ஆளத் தொடங்கிய, இந்தியன் என்னும் நிறுவனத்தின் எஃப்டிஆர்750 எஞ்சினோ பந்தயத்துக்கென்றே வடிக்கப்பட்ட 53 பாகை வி-ட்வின். எந்த ஒரு கொள்கையும் இந்த வெற்றிகள் அனைத்தையும் தனக்குள் அடக்கிக்கொள்வதில்லை.

சாலைப் பந்தய உலகிலும் இதே கதை நடந்திருக்கிறது. 1992-இல் ஹோண்டா தன் என்எஸ்ஆர்500 டூ ஸ்ட்ரோக் எஞ்சினின் நான்கு சிலிண்டர்களையும் ஏறத்தாழ 70 பாகைக்குள் வெடித்து முடிக்குமாறு மாற்றியது. பிக் பேங் என்று பெயர்பெற்ற அந்த எஞ்சினோடு ஹோண்டா வீரர் மிக் டூஹன் அப்பருவத்தின் முதல் நான்கு பந்தயங்களையும் வென்றார். மற்ற நிறுவனங்கள் அவசர அவசரமாக அதைப் பின்பற்றின. அதே டூஹன் 1997-இல் பழைய சீரான வெடிப்புக்குத் திரும்பி, பதினைந்து பந்தயங்களில் பன்னிரண்டை வென்றார். டயரையும் சக்தியின் போக்கையும் தன் கையாலேயே கட்டுப்படுத்தத் தெரிந்தவருக்கு எஞ்சினின் உதவி தேவைப்படாமல் போகலாம். அவ்வளவு நுட்பம் வாய்க்காதவருக்கு அதே உதவி பந்தயத்தையே மாற்றிவிடலாம்.

தமிழ்நாட்டுக்கும் இக்கதையில் ஓர் இடம் உண்டு. சென்னையை அடுத்த ஆலைகளில் உருவாகும் ராயல் என்ஃபீல்டு 650 வண்டிகளின் 648 சிசி இரட்டைச் சிலிண்டர் எஞ்சினில் இருப்பது 270 பாகை கிராங்க். யமஹாவின் எம்டி-07 எஞ்சினிலும் அதுவே. இரண்டும் அமெரிக்க மண்தடங்களில் ஓடியிருக்கின்றன. ராயல் என்ஃபீல்டு 2020-இல் அங்கே இறங்கி, தயாரிப்பு வண்டிகளுக்கான பிரிவில் வெற்றியும் கண்டது. சென்னைத் தெருவில் அந்த வண்டி நிற்கும்போது எழும் விட்டுவிட்டுத் துடிக்கும் ஒலி, மேலே சொல்லப்பட்ட 270, 450 பாகைத் தாளம்தான்.

நண்பரே, வெடிப்பு இடைவெளியைப் பற்றி யாரேனும் உறுதியாகப் பேசினால், அவர் எந்தத் தடத்தைப் பற்றிப் பேசுகிறார், எஞ்சின் எந்த வேகத்தில் சுழல்கிறது, ஃப்ளைவீலின் எடை என்ன, பிஸ்டன்கள் எப்படி அமைந்துள்ளன என்ற நான்கு கேள்விகளையும் கேளுங்கள்; நான்குக்கும் விடை இல்லாவிட்டால் அந்தப் பேச்சை நம்ப வேண்டியதில்லை. அதற்குமுன் உங்கள் வீட்டில் உள்ள வண்டியின் பின்சக்கரச் சுற்றளவை ஒரு நூலால் அளந்து, உச்ச கியரில் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் உள்ள மொத்த விகிதத்தை அதன் கையேட்டிலிருந்து எடுத்து, ஒரு வெடிப்புக்கு உங்கள் டயர் எத்தனை சென்டிமீட்டர் நகர்கிறது என்று தாளில் போட்டுப் பாருங்கள். ஃபோர் ஸ்ட்ரோக் ஒற்றைச் சிலிண்டர் வண்டியானால், சக்கரச் சுற்றளவை விகிதத்தால் வகுத்து இரண்டால் பெருக்கினால் விடை கிடைத்துவிடும்.

அன்புடன்.